சொட்டுகிற வால்வை நாமே மாற்றலாம்!



முதலில் ஒரு சின்ன கணக்கு. ஒரு மில்லி தண்ணீர் என்பது சுமார் 20 சொட்டு. பாத்ரூம் வால்வு விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, அதாவது 4 லிட்டருக்கும் மேல். ஒரு வருஷத்துக்கு 1,570 லிட்டருக்கும் மேல். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 100 குடத்தைத் தாண்டுது! லாரித் தண்ணிக்கு குடம் தூக்கினவங்களுக்குத்தான் அதோட வலி தெரியும்.

ஏன் சீக்கிரம் கெடுகிறது?

எண்ணூர், மீஞ்சூர் பக்கம் பல இடங்களில் போர் தண்ணி உப்பு. 1960-களின் கடைசியிலிருந்து சென்னைக்காக மீஞ்சூர் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு நிறைய நீர் எடுத்தார்கள். விவசாயத்துக்கும் எடுத்தார்கள். நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடல்நீர் உள்ளே புகுந்தது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை என்று படித்திருக்கிறோம். உப்புநீரில் உள்ள குளோரைடு அந்தத் துத்தநாகத்தை அரித்து எடுத்துவிடும். மிச்சம் இருக்கிற செம்பு பஞ்சு மாதிரி பலவீனமாகிவிடும். வால்வு மேல பச்சையாப் பூத்திருக்குமே, அது செம்பின் உப்பு.

தேவையான பொருட்கள்

அரை இஞ்ச் புது வால்வு, ஸ்பேனர், வெள்ளை டெஃப்லான் டேப், பழைய பல் பிரஷ், துணி, பக்கெட்.

செய்முறை

1. மாடி டேங்க் கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை பக்கெட்டில் பிடியுங்கள்.
2. பழைய வால்வை இடப்பக்கமாக மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். அசையலன்னா முரட்டுத்தனமா திருகாதீங்க, சுவருக்குள்ள பைப் உடையும். அப்போ பிளம்பர் அண்ணனைக் கூப்பிடுங்க.
3. சுவரில் இருக்கும் மரையை பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள்.
4. புது வால்வின் மரையை உங்க பக்கம் பார்த்தபடி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் டேப்பை 10 சுற்று இழுத்துச் சுற்றுங்கள். திசை மாறினால் திருகும்போது டேப் பிரிந்துவிடும்.
5. முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கினால் போதும்.
6. கேட் வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்பில் காய்ந்த நியூஸ் பேப்பரை ஒற்றிப் பாருங்கள். நனையலன்னா வெற்றி!

வால்வு நல்லா இருந்து, வாயில் மட்டும் சொட்டினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றினாலே போதும்.

எங்கள் வீட்டில் இதை நான்தான் மாற்றினேன். அம்மா டார்ச் அடிச்சாங்க. "இது ஆம்பளைங்க வேலை"ன்னு பக்கத்து வீட்டு ஆயா சொன்னாங்க. தண்ணி பிடிக்கிறது நம்ம வேலைன்னா, அதைக் காப்பாத்துறதும் நம்மால முடியும்தானே ஆயா என்றேன். சிரிச்சுட்டாங்க.

2010-ல் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையைத் திறந்தார்கள். உப்பைப் பிரிக்க நிறைய மின்சாரம் வேண்டும். அப்படியும் 2019 ஜூனில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னையே தவித்தது.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக் குழாய்க்குக் கீழே ஒரு டம்ளர் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறையப் போகிறது என்றால், நாளைக்கே ஸ்பேனரை எடுங்கள்!

– 9ஆம் வகுப்பு மாணவி