கூட்டுக்குக் கதவு, நாய்க்குக் கயிறு

தேவதானத்தில் விடிந்ததும் என் முதல் வேலை, கூட்டைத் திறந்து கோழிகளை எண்ணுவது. நாற்பது வருசமாக எண்ணுகிறேன். மேற்கு மலையடிவாரம் என்பதால் கீரி, மரநாய், காட்டுப்பூனை, பருந்து எல்லாம் இங்கே உண்டு. ஆனாலும் ஒரே இரவில் கூட்டையே காலி செய்துவிட்டுப் போவது நாய்தான். அதுவும் பல நேரம் யாரோ சோறு போட்டு வளர்க்கிற வீட்டு நாய். புதிதாக நாலு கோழி வாங்கி விட்டிருக்கும் பிள்ளைகளுக்குச் சில சொல்லிவைக்கிறேன்.

1. முதலில் மண்ணைப் பார்.

கோழி செத்துக் கிடந்தால் உடனே பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தாதே. நாய்த் தடத்தில் நகம் பதிந்திருக்கும். பூனை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் அதன் தடத்தில் நகம் தெரியாது. பூனை கிடைத்ததைக் கவ்விக்கொண்டு போய்விடும். பருந்து குஞ்சைத் தூக்கும். நாய் ஒன்றைக் கடித்து உதறிப் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தும். கொல்லையெல்லாம் இறகு சிதறி, ஏழெட்டுக் கோழி தின்னாமலே கிடந்தால் வந்தது நாய் என்று வைத்துக்கொள்.

2. எந்த ஊர்ப்பக்கம் இருக்கிறாய் என்பதை மறக்காதே.

ராஜபாளையம் நமக்குப் பக்கம். சிப்பிப்பாறையும் தூரமில்லை. இரண்டு ஊர்ப் பெயரிலும் நாய் இனம் உண்டு; இரண்டும் வேட்டை நாய். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலையே வெளியிட்டார்கள். பெருமைதான். ஆனால் கண்ணெதிரே ஓடுவதைத் துரத்திப் பிடிக்கத்தான் தலைமுறை தலைமுறையாக அதைப் பழக்கினார்கள். அதற்குக் காட்டுப்பன்றி ஓடினாலும் ஒன்றுதான், உன் பெட்டைக்கோழி ஓடினாலும் ஒன்றுதான். வெள்ளை நிறத்துக்காகவே இணை சேர்த்ததில் சில குட்டிகளுக்குக் காது கேட்காமலும் போகிறது. அப்படிப்பட்ட நாயை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்ன பயன்?

3. கூட்டில் கஞ்சத்தனம் காட்டாதே.

மெல்லிய கோழி வலையை நாய் பல்லால் பிய்த்துவிடும். பற்றவைத்த கனத்த கம்பி வலை போடு. வலையின் அடியை ஒரு அடி ஆழம் மண்ணில் புதைத்துக் கல் அடுக்கு. நாய் தோண்டிப் பார்த்துச் சலித்துப் போகும். கொக்கி மட்டும் போதாது, மூக்கால் தட்டித் தூக்கிவிடும். தாழ்ப்பாள் வேண்டும். பகலில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்தால், மேலே பழைய அம்மிக்கல்லையாவது தூக்கி வை. வெறும் பஞ்சாரத்தைப் புரட்ட நாய்க்கு ஒரு முட்டு போதும்.

4. நேரம் தவறாதே.

கோழி அடையும் நேரத்தில் நீ வீட்டில் இரு. எண்ணி அடை. ஒன்று குறைந்தாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடு. காலையில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு திற. இரவில் அவிழ்த்துவிட்ட நாய்கள் கூட்டம் சேர்ந்து சுற்றிவிட்டு வீடு திரும்புவது விடிகாலைக் கருக்கலில்தான். அடைக்கோழியை வைக்கோல் போருக்கடியில் விட்டுவைக்காதே. அது 21 நாள் பெரும்பாலும் இடத்தைவிட்டு நகராது. போனால் தாயும் முட்டையும் சேர்ந்தே போகும்.

5. நாய்க்கு ருசி காட்டாதே.

நோயில் செத்த கோழியைக் குப்பையில் வீசுகிறோம். கறிக்கடைக்காரர் குடலையும் இறகையும் ஓடையில் கொட்டுகிறார். கோழி என்றால் தீனி என்று தெருவுக்கே பாடம் நடத்தியது நாம்தான். செத்ததை ஆழக் குழி தோண்டிப் புதை. நாய் கடித்துச் செத்ததையும் குழம்பு வைக்காமல் புதை.

6. கடித்துக்கொண்டிருக்கும்போது கையை நீட்டாதே.

ஒரு வாளித் தண்ணீரை நாயின் முகத்தில் வீசு. மீறிக் கடி பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போ. ஊசியைப் பாதியில் நிறுத்தாதே. வீட்டு நாய்தானே என்று சும்மா இருக்காதே. அந்த வீட்டில் வருசா வருசம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்களா என்பது உனக்குத் தெரியாது.

7. சட்டத்தை அளவோடு நம்பு.

பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு, வளர்ப்பு விலங்கை அசட்டையாக விட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஆனால் அது மனிதர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரும்போதுதான், கோழிக்காக எழுதியதில்லை. அதனால் பேச்சைத்தான் நம்ப வேண்டும். கோபம் ஆறியபின், தடத்தையும் செத்த கோழியையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போ. "அண்ணாச்சி, நாயைக் கட்டிப்போடுங்க" என்று முதலில் சொல். கோழியின் சந்தை விலையைக் கேள். அது இட்டிருக்கும் முட்டை, பொரித்திருக்கும் குஞ்சு என்று பேரன் பேத்தி வரை கணக்குப் போட்டால் சிரிப்பார்கள். மறுபடியும் நடந்தால் இரண்டு பெரியவர்களை அழைத்துப் போ. அதற்கும் மசியாவிட்டால் ஊராட்சியில் எழுத்தில் கொடு.

8. விஷத்தைத் தொடாதே.

ஆத்திரத்தில் கறித்துண்டில் மருந்து தடவி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விலங்கைக் கொன்றால் அதே சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து வருசம் வரை சிறை உண்டு. உன் கோழிக்கு நீதி கேட்கப் போய் நீயே குற்றவாளியாக நிற்பாய். விஷத்துக்கு எந்த நாய் என்றும் தெரியாது. கீரி தின்னும், காக்கை தின்னும், தெருவில் விளையாடும் பிள்ளை தொடும்.

9. நீயும் நாய் வளர்ப்பாய்.

குட்டியாக இருக்கும்போதே கயிற்றில் பிடித்துக் கோழிகளுக்கு நடுவே உட்காரவை. பாய்ந்தால் இழுத்து நிறுத்து. தினமும் பழக்கு. அப்போதும் முழுதாக நம்பாதே. பகலெல்லாம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைத்துவிட்டு ராத்திரி அவிழ்த்துவிடுவது வளர்ப்பில்லை. காலையும் மாலையும் கயிற்றோடு தோப்புப் பக்கம் நடத்திக் கூட்டிப் போ.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், என் நாயும் தப்புச் செய்திருக்கிறது. பல வருசத்துக்கு முன் ஒரு விடியலில் அது வாயில் இறகோடு வந்து படுத்தது. பின்தெருவில் தனியாக இருந்த அக்கா வீட்டுக் கோழிகள், ஆறு. யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். வாயைக் கழுவிவிடத் தண்ணீர்கூட எடுத்துவிட்டேன். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு அந்த வீட்டுப் படியேறினேன். பணத்தையும், என் கூட்டிலிருந்து இரண்டு பெட்டைக்கோழியையும் கொடுத்தேன். அக்கா திட்டவில்லை. "ராத்திரி கட்டிப்போடு தம்பி" என்றார், அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் கோழி அடைந்ததும் எண்ணிப் பார். தாழ்ப்பாள் போடு. அப்படியே திரும்பி, உன் நாயின் கயிறு முடிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுப் படு.