அந்துப்பூச்சியின் மோப்ப சக்தி

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் நிலக்கடலை வயல்களைப் பார்த்திருக்கிறீர்களா? சில வயல்களில் குச்சி நட்டு, அதில் ஒரு புனலைக் கட்டியிருப்பார்கள். புனலுக்கு மேலே ஒரு மூடி. கீழே நீண்ட பாலிதீன் பை. காலையில் அந்தப் பையைத் திறந்தால் பழுப்பு நிறப் பூச்சிகள் சில கிடக்கும்.

இரவில் அங்கே விளக்கு எதுவும் எரியவில்லை. இரையும் வைக்கவில்லை. மூடியின் அடியில் சின்னஞ்சிறு ரப்பர் துண்டு ஒன்று தொங்குகிறது, அவ்வளவுதான். அப்படியிருந்தும் பூச்சிகள் வந்து விழுந்திருக்கின்றன. இன்னொரு விந்தை, அவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அனைத்தும் ஆண் பூச்சிகள்! இது எப்படி?

பெண் அனுப்பும் தூது

நிலக்கடலை இலையைத் தின்று அழிக்கும் புரோடீனியாப் புழுவின் தாய்ப்பூச்சி ஓர் அந்துப்பூச்சி. அது இரவில்தான் நடமாடும். இருட்டில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டுமே! பெண் பூச்சி ஓரிடத்தில் அமர்ந்து, வயிற்றின் நுனியில் உள்ள சுரப்பியை வெளியே நீட்டுகிறது. அதிலிருந்து ஆவியாகும் பொருள் காற்றில் கலந்து செல்கிறது. ஓர் உயிரினம் தன் இனத்துக்குச் செய்தி சொல்ல வெளிவிடும் இத்தகைய பொருளுக்கு 1959-இல் ‘பெரமோன்’ என்று பெயரிட்டார்கள்.

இதற்கு வெகுகாலம் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்சு நாட்டின் பூச்சியியல் அறிஞர் ஃபேபர் ஒரு சோதனை செய்தார். பெண் அந்துப்பூச்சி ஒன்றை வலைக்கூண்டில் அடைத்து வைத்தார். அன்றிரவே ஏறக்குறைய நாற்பது ஆண் பூச்சிகள் வீட்டுக்குள் புகுந்தன. பெண்ணைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தபோதோ ஒன்றுகூட வரவில்லை. பெண் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும் வரவில்லை என்றால், ஆணை அழைத்தது உருவம் அல்ல என்பது தெளிவு அல்லவா?

அந்தப் பொருள் எது என்று முதலில் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் புட்டனான்ட். அவர் எடுத்துக்கொண்டது நம் ஊர்களில் மல்பெரி இலை போட்டு வளர்க்கிறோமே, அதே பட்டுப்பூச்சி. ஏறக்குறைய ஐந்து லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளை வெட்டியெடுத்து, இருபது ஆண்டுகள் உழைத்து, சில மில்லிகிராம் பொருளைத்தான் பிரிக்க முடிந்தது. 1959-இல் அதன் அமைப்பை வெளியிட்டார். பட்டுப்பூச்சியின் அறிவியல் பெயரான ‘பாம்பிக்ஸ்’ என்பதையொட்டி அதற்கு ‘பாம்பிகால்’ என்று பெயர். அது 16 கார்பன் அணுக்கள் கொண்ட ஓர் ஆல்கஹால்.

உணர்கொம்பே மூக்கு

பூச்சிக்கு நம்மைப்போல் மூக்குக் கிடையாது. தலையில் உள்ள இரண்டு உணர்கொம்புகளே அதன் மூக்கு. ஆண் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பு சீப்பின் பற்களைப் போல் கிளைத்திருக்கும். காற்று அதனூடே செல்லும்போது வாசனை மூலக்கூறுகள் சல்லடையில் போல் பிடிபடுகின்றன. ஒவ்வோர் உணர்கொம்பிலும் ஏறக்குறைய 17,000 நீண்ட நுண்மயிர்கள் இதற்காகவே இருக்கின்றன.

ஒரு நுண்மயிருக்குள் நடப்பதைக் காண்போம். மயிரின் சுவரில் மிக நுண்ணிய துளைகள் உண்டு. மூலக்கூறு அவற்றின் வழியே உள்ளே நுழைகிறது. உள்ளே நீர் போன்ற திரவம் நிரம்பியிருக்கிறது. பெரமோனோ எண்ணெய்த் தன்மை கொண்டது. நீரில் எளிதில் கரையாது. ஆகவே ஒரு புரதம் அதைத் தன் குழிக்குள் ஏற்றி, படகு போலக் கரை சேர்க்கிறது. கரையில் காத்திருப்பது நரம்புச் செல். அதன் சவ்வில் உள்ள ஏற்பி என்னும் புரதம் பூட்டைப் போன்றது; பெரமோன் அதன் சாவி. சாவி பொருந்தியதும் மின்னூட்டம் கொண்ட அயனிகள் செல்லுக்குள் பாய்கின்றன. மின்துடிப்பு எழுந்து மூளைக்குச் செல்கிறது. பட்டுப்பூச்சியின் இந்த ஏற்பியை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2004-இல் கண்டறிந்தனர்.

ஒரேயொரு பாம்பிகால் மூலக்கூறு பட்டாலே நரம்புச் செல்லில் ஒரு துடிப்பு எழக்கூடும் என்று அளந்திருக்கிறார்கள்! பெண் பட்டுப்பூச்சிக்கோ தன் பாம்பிகாலே தெரியாது. அதை உணரும் செல்கள் அதனிடம் இல்லை.

வேலை முடிந்த மூலக்கூறை நொதிகள் விரைவில் சிதைத்துவிடுகின்றன. இதுவும் அவசியமே. பழைய வாசனை அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், புதிய வாசனை வந்ததா இல்லையா என்று பூச்சிக்குத் தெரியாமல் போகும்.

காற்றை எதிர்த்துப் பயணம்

மெல்லிய காற்று வீசும் இடத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துப் பாருங்கள். புகை ஒரே சீராகப் பரவுவதில்லை. இழையிழையாகப் பிரிந்து செல்கிறது. பெரமோனும் அப்படித்தான். அதனால் ஆண் பூச்சிக்கு வாசனை விட்டுவிட்டே வருகிறது. வாசனை பட்டதும் அது காற்றை எதிர்த்து முன்னேறுகிறது. வாசனை அறுந்தால் இடமும் வலமுமாகக் குறுக்கே பறந்து தேடுகிறது. மீண்டும் பட்டால் மீண்டும் முன்னேறுகிறது. வாசனை ‘போ’ என்று மட்டுமே சொல்கிறது. எந்தப் பக்கம் போவது என்பதைக் காற்று சொல்கிறது.

பூட்டுக்கு ஏற்ற சாவி

ஒரே இரவில், ஒரே வயலில் பல இனப் பெண்கள் பெரமோன் வெளியிடலாம். ஆண்களுக்குக் குழப்பம் வராதா? வராது. புரோடீனியாவின் பெரமோன் 14 கார்பன் கொண்ட இரண்டு அசிடேட்டுகளின் கலவை. 1973-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. துவரையைத் தாக்கும் பச்சைக் காய்ப்புழுவின் பெரமோனில் முக்கியமானவை 16 கார்பன் கொண்ட இரண்டு ஆல்டிஹைடுகள். அவை ஏறக்குறைய 97-க்கு 3 என்ற விகிதத்தில் கலந்தவை. பொருளும் அளவும் பொருந்தினால்தான் ஆண் வரும்.

வயலில் தொங்கும் ரப்பர் துண்டின் இரகசியம் இப்போது புரிந்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் தயாரித்த பெரமோனை அதில் ஊறவைத்திருக்கிறார்கள். இதற்கு இனக்கவர்ச்சிப் பொறி என்று பெயர். நிலக்கடலைக்கு ஒரு ரப்பர் துண்டு, துவரைக்கு வேறொன்று. மாற்றிக் கட்டினால் பயனில்லை. ஆலங்குடி அருகே வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அது ஆராயும் துவரைப் பயிருக்குப் பச்சைக் காய்ப்புழு முக்கியமான எதிரி.

பொறி சொல்லும் செய்தி

பொறி வைத்தாயிற்று, இனிப் புழுவே வராது என்று நினைக்கலாமா? கூடாது. பொறியில் விழுவது ஆண், முட்டையிடுவது பெண். ஓர் ஆண் பல பெண்களுடன் சேரக்கூடியது. ஆகவே தப்பிய சில ஆண்களே போதும், வயலெங்கும் முட்டை விழும்.

அப்படியானால் பொறியால் என்ன லாபம்? அது காலம் சொல்லும் கருவி. நேற்று இரண்டு, இன்று பத்து என்று எண்ணிக்கை ஏறினால், முட்டையிடும் காலம் வந்துவிட்டது என்று பொருள். பெண் பூச்சி இலையின் அடியில் சில நூறு முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, தன் ரோமத்தால் மூடிவைக்கும். சில நாட்களில் அவை பொரிந்துவிடும். அதற்குள் அந்த இலையைக் கிள்ளி அழித்தால், ஓர் இலையோடு சில நூறு புழுக்கள் ஒழிந்தன! வரப்போரம் ஆமணக்கு நட்டிருந்தால் பெண் பூச்சி அதை நாடி வந்து முட்டையிடும். தேடுவது இன்னும் எளிது. புழு வளர்ந்துவிட்டாலோ பகலில் மண்ணுக்குள் மறைந்து, இரவில் மேயும். மருந்தும் எளிதில் எட்டாது. வரும் முன்பே தெரிந்துகொண்ட விவசாயிக்கு மருந்துச் செலவு மிச்சம். தேனீ போன்ற நன்மை செய்யும் பூச்சிகளும் பிழைக்கும்.

சிந்தித்து விடை கூறுங்கள்

1. ரப்பர் துண்டைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஏன்?

2. காற்றே வீசாத இரவில் ஆண் பூச்சிக்கு என்ன தொல்லை நேரும்?

3. நிலக்கடலைப் பொறியில் பச்சைக் காய்ப்புழுவின் பூச்சி விழவில்லை. அது வயலில் இல்லை என்று முடிவு செய்யலாமா?