பிள்ளையை நடுவில் நிறுத்துதல்

வேதபாடம்: மாற்கு 9:33-40



கப்பர்நகூமுக்குப் போகும் வழியில், தங்களில் யார் முதல்வன் என்று சீஷர்களுக்குள் வாக்குவாதம். என்ன பேசினீர்கள் என்று ஆண்டவர் கேட்டபோது ஒருவருக்கும் பதில் வரவில்லை. அவர் ஒரு குழந்தையை அழைத்து அவர்கள் மத்தியில் நிற்கவைத்தார். தலைமை என்றால் என்ன என்பதற்கு அந்தக் குழந்தையே பாடமாயிற்று. குழந்தை மருத்துவர்களின் சங்கம் ஒன்றின் வரலாற்றோடு சேர்த்து இப்பகுதியை இம்மாதம் தியானிப்போம்.

1. பிள்ளைக்காகப் பேசும் தலைமை

1921-ல் அமெரிக்காவில் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் நிறைவேறியது. தாய்மார்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆலோசனை நிலையங்கள் நடத்தவும், வீடுகளுக்குச் செல்லும் நர்சுகளை நியமிக்கவும் அதன்மூலம் மாநிலங்களுக்குப் பணம் கிடைத்தது. 1922-ல் செயின்ட் லூயிஸ் நகரில் அமெரிக்க மருத்துவச் சங்கம் கூடியபோது, அதன் குழந்தை மருத்துவப் பிரிவு இச்சட்டத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அதே சங்கத்தின் பிரதிநிதிகள் சபையோ, இது மருத்துவத்தில் அரசாங்கத்தின் தலையீடு என்று கண்டித்தது. இனி எந்தப் பிரிவும் தனித்துத் தீர்மானம் போடக்கூடாது என்றும் கட்டுப்படுத்தியது. 1929-ல் அந்த நிதியும் நின்றுபோனது.

1930-ல் டெட்ராய்ட் நகரில் 35 குழந்தை மருத்துவர்கள் கூடி, அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியைத் தொடங்கினார்கள். சிகாகோவைச் சேர்ந்த டாக்டர் ஐசக் ஏப்ட் முதல் தலைவரானார். குழந்தைக்கு ஓட்டும் இல்லை, பணமும் இல்லை. தனி மருத்துவர் ஒருவர் தம்மிடம் வரும் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கலாம். வர முடியாத குழந்தைக்காகச் சட்டசபை வாசலில் நின்று பேச ஒரு சங்கம் வேண்டும்.

2. வாசலைத் திறக்கும் தலைமை

இதே வேதபாடத்தில் அடுத்து யோவான் பேசுகிறான். நம்மைச் சேராத ஒருவன் உமது பெயரால் பிசாசுகளைத் துரத்தினான், நாங்கள் தடுத்தோம் என்கிறான். தடுத்தது தவறு என்றார் ஆண்டவர்.

அகாடமியும் இந்தக் குற்றத்தில் விழுந்தது. 1939-ல் அலோன்சோ ஸ்மித், ரோலண்ட் ஸ்காட் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் உறுப்பினராக விண்ணப்பித்தார்கள். தகுதியில் குறையில்லை. கறுப்பினத்தவர் என்பதால் மறுக்கப்பட்டார்கள். 1945-ல்தான் வாசல் திறந்தது. அரிவாள் செல் இரத்தசோகையால் வாடிய குழந்தைகளுக்காக ஸ்காட் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அந்நோய்க்கென்று 1972-ல் அமெரிக்காவில் தேசிய சட்டம் வர உழைத்தவர்களில் அவரும் ஒருவர். தடுக்கப்பட்ட மனிதருடைய கையில்தான் அப்பிள்ளைகளுக்கான உதவி இருந்தது! 2020-ல் அகாடமி தன் பாவத்தைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அப்போது அவ்விருவரும் உயிரோடு இல்லை. நீதி தாமதித்தால், அது கல்லறைக்குத்தான் போய்ச் சேருகிறது.

3. நமக்கு

மிஷன் ஆஸ்பத்திரிகளிலும் இந்த வாக்குவாதம் உண்டு. கமிட்டியில் யாருக்கு நாற்காலி, கல்வெட்டில் யார் பெயர் முதலில், எந்தச் சபையார் அதிகம் கொடுத்தார்கள் என்று பேசுகிறோம். அந்நேரம் காய்ச்சலோடு ஒரு குழந்தை வார்டில் படுத்திருக்கிறது. அதை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டால் பாதிப் பேச்சு தானாக அடங்கிவிடும். நம் சபையைச் சேராத டாக்டரும், நம் விசுவாசத்தைச் சேராத நர்சும் அக்குழந்தைக்கு இரவெல்லாம் விழித்திருந்தால், நமக்கு எதிரானவர்கள் அல்ல.

உங்கள் காணிக்கை ஒரு கட்டிலை வாங்குகிறது. அதோடு ஒரு குரலையும் தாருங்கள். உங்கள் ஊர் அங்கன்வாடியில் எடை குறைந்த பிள்ளை உண்டா, தடுப்பூசி போடாத பிள்ளை உண்டா என்று விசாரியுங்கள்.

சிந்திக்க:
1. நம் சபைக் கமிட்டியின் கடைசிக் கூட்டத்தில் பிள்ளைகளைக்குறித்து எவ்வளவு நேரம் பேசினோம்?
2. "நம்மவர் அல்ல" என்று யாரைத் தடுத்திருக்கிறோம்?

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் மேன்மையை நடுவிலிருந்து நீக்கி, நீர் நிறுத்திய பிள்ளையைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.