ஊர்ப் பணமும் நம் பணம்தான்
உள்ளாட்சியின் வரவு செலவைப் படிக்கக் கற்போம்



நம் குழுக் கூட்டத்தில் பத்து ரூபாய் குறைந்தாலும் விடமாட்டோம். ரொக்கப் புத்தகத்தை விரித்து, ரசீதை எடுத்து, கணக்கு நேராகும் வரை ஒருவரும் எழுந்து போகமாட்டோம். ஆனால் நம் ஊராட்சிக்கு வருஷத்துக்கு எவ்வளவு பணம் வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று கேட்டால், "அதெல்லாம் தலைவரும் கிளார்க்கும் பாத்துக்குவாங்க, நமக்கு எதுக்கு?" என்று சொல்லிவிடுகிறோம்.

தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவது யார்? தெருவிளக்கு எரியாவிட்டால் வேலை முடிந்து இருட்டில் பயந்து வருவது யார்? சாக்கடை அடைத்துக்கொண்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் நிற்பது யார்? நாம்தான். அதனால் அந்தக் கணக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழுக் கணக்கு தெரிந்தவர்களுக்கு ஊராட்சிக் கணக்கு கஷ்டமே இல்லை. வாருங்கள், பார்ப்போம்.

நாம் எந்த உள்ளாட்சியில் இருக்கிறோம்?

முதலில் இது தெளிவாக வேண்டும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. மொத்தம் 70 வார்டுகள், 5 மண்டலங்கள். 2022-ல் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் வசந்தகுமாரி கமலக்கண்ணன் என்ற பெண்மணி.

அப்போது முடிச்சூர், அகரம்தென், வேங்கைவாசல், மேடவாக்கம் போன்ற கிராம ஊராட்சிகள் இதில் சேர்க்கப்படவில்லை. அதனால்தான் ஒரு தெருவைத் தாண்டினால் வேறு வரி, வேறு ஆபீஸ் என்று இருந்தது. நம் வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடம்தான் நாம் கணக்குக் கேட்க வேண்டும்.

ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

குழுவுக்குச் சேமிப்பு, வட்டி, வங்கிக் கடன், சுழல்நிதி என்று வருவது போல, ஊராட்சிக்கும் பல வழிகளில் வருகிறது.

1. சொந்த வருமானம்: வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, கடைகளுக்கான உரிமக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் போன்றவை. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேரும்.

2. பங்கு வருமானம்: ஊரில் நிலம் கைமாறும்போது பத்திரப் பதிவில் வசூலாகும் மேல்வரியில் உள்ளாட்சிக்கும் பங்கு உண்டு. மனை வியாபாரம் சூடாக நடக்கும் நம் பகுதியில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

3. மாநில நிதிக்குழு மானியம்: மாநில அரசு தன் வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருவது.

4. மத்திய நிதிக்குழு மானியம்: இதில் ஒரு முக்கியமான விஷயம். 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து வருஷத்துக்கு 15-வது நிதிக்குழு ஒரு வரையறை வைத்தது. நூறு ரூபாய் வந்தால் 30 ரூபாய் குடிநீருக்கு, 30 ரூபாய் துப்புரவுக்கு, மீதி 40 ரூபாய்தான் ஊரின் மற்ற தேவைகளுக்கு. குடிநீருக்கென்று வந்த பணத்தில் ரோடு போட முடியாது. கன்றுக்குட்டி வாங்க எடுத்த கடனைக் கல்யாணத்துக்குச் செலவழிக்கக் கூடாது என்று குழுவில் சொல்கிறோமே, அதே மாதிரிதான்.

ஒன்றாம் கணக்கு, இரண்டாம் கணக்கு, மூன்றாம் கணக்கு

ஊராட்சி ஆபீசில் பேசும்போது இந்தச் சொற்கள் காதில் விழும். ஒன்றாம் கணக்கு என்பது பொது நிதி. வரியும் மானியமும் வந்து, அன்றாடச் செலவு போவது இதில். இரண்டாம் கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட வேண்டிய பணத்துக்காகத் தனியே ஒதுக்கியது. மூன்றாம் கணக்கு அரசுத் திட்டப் பணத்துக்கானது. "பணம் இல்லை" என்று பதில் வந்தால், "எந்தக் கணக்குல இல்லைங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே நமக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு

இது பாடத்துக்காக நாங்களே போட்ட கணக்கு. எந்த ஊரின் கணக்கும் அல்ல. நம் ரொக்கப் புத்தகம் போலவே ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது.

வரவு
ஆரம்ப இருப்பு: ரூ.1,80,000
வீட்டு வரி: ரூ.4,20,000
குடிநீர்க் கட்டணம்: ரூ.1,50,000
தொழில் வரி, உரிமக் கட்டணம்: ரூ.1,10,000
மாநில நிதிக்குழு மானியம்: ரூ.14,00,000
மத்திய நிதிக்குழு மானியம்: ரூ.10,00,000
மொத்தம்: ரூ.32,60,000

செலவு
மின் கட்டணம்: ரூ.7,20,000
குழாய், மோட்டார் பழுது: ரூ.4,60,000
துப்புரவுப் பணி, கூலி: ரூ.6,80,000
தெருவிளக்குப் பராமரிப்பு: ரூ.1,90,000
சாலை, வடிகால்: ரூ.7,50,000
அலுவலகச் செலவு: ரூ.1,40,000
மொத்தம்: ரூ.29,40,000
இறுதி இருப்பு: ரூ.3,20,000

கூட்டிப் பார்த்தீர்களா? சரியாக வருகிறது. ஆனால் கூட்டல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கணக்கு நமக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் பாடம்: வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி மூன்றும் சேர்ந்து ரூ.6,80,000. மின் கட்டணம் மட்டுமே ரூ.7,20,000. அதாவது ஊர் சொந்தமாகச் சம்பாதிப்பது கரண்டு பில்லுக்கே போதவில்லை. தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் மோட்டார் ஓடினால், பகலில் தெருவிளக்கு எரிந்தால், கரைவது நம் பணம்தான்.

இரண்டாம் பாடம்: இந்த ஊரில் வீட்டு வரி ரூ.6,00,000 வசூலாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வந்தது ரூ.4,20,000. பாக்கி ரூ.1,80,000. அந்தப் பாக்கி வந்திருந்தால் ஏறக்குறைய ஒரு வருஷத் தெருவிளக்குச் செலவை அதிலேயே பார்த்திருக்கலாம். பாக்கி யாருடையது என்று கேளுங்கள். ஓட்டு வீட்டு அம்மா ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பார். பெரிய கட்டடத்தின் பாக்கி வருஷக் கணக்கில் நிற்கலாம். நம் பாக்கியையும் முதலில் தீர்த்துவிட்டுப் போனால் கேட்கிற தைரியம் தானாக வரும்.

மூன்றாம் பாடம்: இருப்பு ரூ.3,20,000 இருக்கிறதே, உடனே ரோடு போடச் சொல்லலாமா? அதில் எவ்வளவு குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஒதுக்கிய பணம் என்று தெரிந்த பிறகே சொல்ல முடியும்.

கேள்வி கேட்பது சண்டை போடுவது அல்ல

ஓர் ஊரில் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வராமல் பெண்கள் அவதிப்பட்டார்கள். கிராம சபையில் கணக்கு வாசித்தபோது நம் குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து, "கொஞ்சம் நிறுத்துங்க. மோட்டார் பழுதுன்னு மூணு தடவை வாசிச்சீங்க. மூணும் வேற வேற மோட்டாரா?" என்று கேட்டார். பதிவேட்டைப் புரட்டினார்கள். மூன்றும் ஒரே போர் மோட்டார். கோடையில் நீர்மட்டம் கீழே போய், தண்ணீர் இல்லாமல் ஓடி, காயில் கருகிக் கருகிச் சரி செய்திருக்கிறார்கள். யாரும் பணத்தை எடுக்கவில்லை. ஆனால் பணம் வீணாகியிருந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி பொருத்தவும், கடைசித் தெருவுக்குத் தனி வால்வு வைக்கவும் அன்றைக்கே தீர்மானம் எழுதினார்கள். ஒரு கேள்வியால் நடந்தது இது.

மாநகராட்சியில் இருக்கும் உறுப்பினர்களுக்கு

மாநகராட்சிக் கணக்கு பெரியது. ஆனாலும் பட்ஜெட்டில் மூன்று தலைப்புகளைப் பார்த்தால் பிடிபடும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. நாம் கட்டும் சொத்து வரியே இப்படிப் பிரிந்துதான் போகிறது.

சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது, தாம்பரம் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதமும், 601 முதல் 1,200 வரை 50 சதவீதமும், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் உயர்வு. உங்கள் வீட்டின் சதுர அடி ரசீதில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் தப்பான வரிதான் வரும்.

சானடோரியம் மெப்ஸ் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் சம்பளச் சீட்டில் தொழில் வரி பிடித்திருப்பதைப் பார்த்திருக்கலாம். அது கம்பெனிக்காரர் எடுத்துக்கொள்வது அல்ல. வேலை செய்யும் இடம் எந்த உள்ளாட்சியில் இருக்கிறதோ அங்கே போகிறது. அரசியல் சட்டப்படி ஒருவரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது. வாடகை வீட்டில் இருந்தாலும் நாமும் வரி கட்டுகிறவர்கள்தான்.

மாநகராட்சியில் கிராம சபை கிடையாது. அதற்குப் பதிலாகப் பகுதி சபை உண்டு. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார். உங்கள் வார்டில் எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

உறுப்பினர்கள் கேட்டவை

கேள்வி: எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்தால் நல்லதா, கெட்டதா?
பதில்: இரண்டும் உண்டு. பாதாளச் சாக்கடை, பெரிய குடிநீர்த் திட்டம் போன்றவற்றுக்கு மாநகராட்சியின் பலம் உதவும். அதே நேரம் வரி, கட்டணம் உயரலாம். ஊரக வேலை உறுதித் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். கிராம சபையும் இருக்காது. எனவே சேர்க்கும் பேச்சு வந்தால் இந்த நான்கையும் கேட்டுவிட்டுத் தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள்.

கேள்வி: மழை வந்தால் வெள்ளம். ஊராட்சிதானே வடிகால் போட வேண்டும்?
பதில்: தெரு வடிகால் ஊராட்சியின் வேலை. ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தோம். முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டத்தில், வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு எல்லை தெரியாது. ஆறு, ஏரி, பெரிய கால்வாய்க்கு நீர்வளத் துறையையும் மாவட்ட ஆட்சியரையும் கேட்க வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தின் நகலோடு போனால் மனுவுக்கு மதிப்புக் கூடும்.

கேள்வி: கணக்கைக் காட்ட மாட்டேன் என்றால்?
பதில்: தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம சபைக்கு ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவுத் திட்டத்தையும் தணிக்கை அறிக்கையையும் அங்கீகரிக்கும் பொறுப்பைத் தந்திருக்கிறது. சபையில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் செல்போனில் மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊராட்சியின் நிதிக்குழுச் செலவுகள் அதில் வரும்.

கிராம சபைக்குப் போகும் முன்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களைக் குழுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். முன்பு நான்காக இருந்ததை 2022-ல் ஆறாக்கினார்கள். 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பத்துக் குழுக்கள் சேர்ந்து போனாலே நூறு பேருக்கு மேல் ஆகிவிடும். நாம் இல்லாமல் கூட்டமே நடக்காது என்ற பலத்தை மறக்க வேண்டாம்.

* படிவம் 30-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். வரவு செலவு அதில்தான் இருக்கும். மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள்.
* ஒரு குழு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று குடிநீர், ஒன்று விளக்கு, ஒன்று வரிப் பாக்கி.
* தேதி, பில், பணி நடந்த தெரு மூன்றையும் கேளுங்கள். பிறகு அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள்.
* நம் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதி வாசித்த பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் கைநாட்டும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய

1. ஒவ்வொருவரும் வரி ரசீதைக் கொண்டு வாருங்கள். பாக்கி இருப்பவர்கள் எப்போது கட்டுவோம் என்று சொல்லுங்கள்.
2. மேலே உள்ள மாதிரிக் கணக்கை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கூட்டிப் பாருங்கள்.
3. உங்கள் தெருவின் மூன்று தேவைகளை எழுதி, எது முதலில் என்று முடிவு செய்யுங்கள்.
4. அதைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கொடுங்கள். எல்லாக் குழுக்களின் தேவைகளையும் சேர்த்து ஒரே மனுவாகக் கிராம சபைக்குக் கொண்டு போவோம்.

ரொக்கப் புத்தகம் எழுதத் தெரியாமல் இருந்த நாம் இன்று லட்ச ரூபாய் வங்கிக் கடனுக்குக் கணக்கு வைக்கிறோம். ஊர்க் கணக்கும் அப்படித்தான். முதல் கூட்டத்தில் கேளுங்கள், இரண்டாவதில் புரியும், மூன்றாவதில் நீங்களே பிறருக்குச் சொல்லிக் கொடுப்பீர்கள்.