பையன் எப்போது சொல்லுவான்?

திருப்பதியில் கோவிந்தராஜர் கோயில் பக்கம் பூ விற்கும் அக்கா ஒருவர் எங்கள் மாலைப் படிப்புக்கு வருகிறார். இடுப்பில் ஒரு பையன். வயது ஒன்றே கால். ஒரு நாள் பையன் அழுது ஓய்ந்து, அக்கா தோளில் தூங்கிக் கிடந்தான். தொடையில் விரல் தடம் பதிந்திருந்தது.

“யார் அக்கா அடித்தது?” என்று கேட்டேன்.

“நான்தான்” என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது.

தை மாதம் திருமலையில் பையனுக்கு மொட்டை போட வேண்டும். அக்காவின் மாமியார் சொல்லிவிட்டார்: “சாமி தரிசனத்துக்கு மணிக்கணக்காக வரிசையில் காத்திருக்க வேண்டும். அதற்குள் இவன் ஆய், மூத்திரம் சொல்லப் பழகணும். என் பிள்ளைகள் ஒரு வயசிலேயே சொன்னாங்க.”

அன்று முதல் அக்கா மணிக்கு ஒரு தடவை பையனை உட்கார வைத்தார். உட்கார்ந்தால் வராது. எழுந்து ஓடி, பாயில் போய்விடுவான். அன்று பூக்கூடை மேலேயே போய்விட்டான். காலையிலிருந்து கட்டிய கதம்பம் எல்லாம் வீண். ஒரு நாள் வருமானம் போனது. அடி விழுந்தது.

அக்காவின் கஷ்டம் எனக்குப் புரிந்தது. ஆனால் பையன் மேல் தப்பு இல்லை.

நம் வயிற்றின் அடியில் சிறுநீர்ப்பை இருக்கிறது. கைக்குழந்தைக்கு அந்தப் பை நிறைந்ததும் தானாகவே காலியாகிவிடும். “வருகிறது” என்று உணர வேண்டும். “கொஞ்சம் பொறு” என்று அடக்க வேண்டும். இந்த இரண்டும் மூளை கற்றுக்கொள்ளும் வேலை. பல் முளைப்பது போல இதற்கும் காலம் உண்டு. ஒன்றரை வயதுக்கு மேல்தான் பல குழந்தைகளுக்கு இது மெல்ல வர ஆரம்பிக்கும். இரண்டு வயது, இரண்டரை வயது, மூன்று வயது கூட ஆகலாம். அடித்தால் பல் சீக்கிரம் முளைக்குமா?

அப்படியானால் மாமியார் பொய் சொன்னாரா? இல்லை. நம் ஊர்ப் பாட்டிமார்கள் இரண்டு காலையும் நீட்டி உட்காருவார்கள். பாதத்தின் மேல் குழந்தையை உட்கார வைத்து, “உஸ்... உஸ்...” என்பார்கள். குழந்தையும் போய்விடும். முகத்தைப் பார்த்தே பாட்டிக்கு நேரம் தெரியும். அது பாட்டியின் கெட்டிக்காரத்தனம். துணி மிச்சமாகும், நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் அங்கே நேரம் அறிந்தது பாட்டிதான். குழந்தை தானே உணர்ந்து, அடக்கி, வந்து சொல்வது வேறு.

அமெரிக்காவில் பிரேசல்டன் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். 1,170 குழந்தைகள் பழகிய விதத்தை 1962-இல் எழுதினார். அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. குழந்தை தயாரான பிறகே பழக்கினார்கள். பகலில் நனைக்காமல் இருக்க அவர்களுக்குச் சராசரியாக 28 மாதத்துக்கு மேல் ஆனது. அதாவது இரண்டே கால் வயதுக்கும் மேல்.

தயாரானதை எப்படி அறிவது? அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“இரண்டு மணி நேரம் ஜட்டி நனையாமல் இருக்கிறதா?”

“எங்கே! அரை மணிக்கு ஒரு தடவை.”

“பகலில் தூங்கி எழும்போது?”

“ஈரம்தான்.”

“ஆய் வருவது அவனுக்குத் தெரிகிறதா?”

“கதவு மூலையில் போய் நிற்பான். முகம் சிவக்கும்.”

“இது நல்ல அடையாளம் அக்கா. உடம்பு சொல்வது அவனுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. குத்துக்காலிட்டு உட்காருவானா? ஜட்டியைத் தானே இறக்குவானா?”

“உட்காருவான். இறக்கத் தெரியாது.”

“செருப்பை எடுத்து வா என்றால்?”

“எடுப்பான். வாயில் வைப்பான்.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஈரத்துணி பிடிக்காமல் இழுப்பது, “ஆய்” என்றோ வேறு ஒரு சொல்லோ சொல்வது, பெரியவர்கள் பின்னால் கழிப்பறைக்குப் போய்ப் பார்ப்பது, இவையும் அடையாளங்கள்தான். எல்லாமே வர வேண்டும் என்று இல்லை. பாதிக்கு மேல் வந்தால் ஆரம்பிக்கலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வீடு மாறுவது, தம்பி பாப்பா பிறப்பது போன்ற சமயங்களில் ஆரம்பிக்க வேண்டாம்.

அவசரப்பட்டு அடித்தால் என்ன ஆகும்? இதை நன்றாகக் கவனியுங்கள். பயந்த குழந்தை ஆயை அடக்கும். அடக்கினால் உள்ளே காய்ந்து கெட்டியாகும். பிறகு போகும்போது வலிக்கும். வலித்ததால் இன்னும் அடக்கும். சில குழந்தைகளுக்குக் கெட்டியான ஆயைச் சுற்றி நீர் போல ஒழுகி ஜட்டி கறையாகும். அதைப் பார்த்து, “வேண்டுமென்றே செய்கிறான்” என்று மறுபடி அடி விழும். பாவம், அவனுக்கே தெரியாமல் ஒழுகுகிறது. இப்படி இருந்தாலும், ஆயில் ரத்தம் வந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தண்ணீர், கீரை, வாழைப்பழம் கொடுத்தால் மலம் இளகும். பாலையே அளவு மீறிக் கொடுத்தால் சில குழந்தைகளுக்கு மலம் கட்டும்.

பழக்குவது பெரிய வித்தை இல்லை. வயிற்றுக்குள் சாப்பாடு போனதும் குடல் அசையும். அதனால் சாப்பிட்ட பின் உட்கார வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். வராவிட்டால் எழுப்பிவிடுங்கள். கழிப்பறைக் குழியைப் பார்த்துக் குழந்தை பயப்படும், உள்ளே விழுந்துவிடுவோம் என்று நினைக்கும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அல்லது சின்ன பிளாஸ்டிக் இருக்கை வையுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். முடிச்சுப் போட்ட நாடா வேண்டாம், எலாஸ்டிக் ஜட்டி போடுங்கள். ராத்திரியில் நனைப்பது ஐந்து வயது வரை சாதாரணம். போகும்போது எரிந்தாலோ, நன்றாகப் பழகிய குழந்தை திடீரென்று நனைக்க ஆரம்பித்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

“குழந்தை ஆய்தானே” என்று சாக்கடையில் போடுகிறோம். அதிலும் கிருமி உண்டு. வயிற்றுப்போக்கு அப்படித்தான் தெருவெல்லாம் பரவும். கழிப்பறையில் கொட்டுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சோறு ஊட்டுங்கள். ஆந்திராவில் 2016 முதல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் வாயில் ஊற்றுவார்கள்.

தை மாதம் அக்கா குடும்பம் மலைக்குப் போனது. மாமியாரே பையில் ஆறு ஜட்டி எடுத்து வைத்தார். வரிசையில் பையன் இரண்டு தடவை நனைத்தான். மாற்றிவிட்டார்கள். மொட்டையும் ஆயிற்று, தரிசனமும் ஆயிற்று.

அடுத்த தீபாவளிக்கு முன் ஒரு நாள். அக்கா பூ கட்டிக் கொண்டிருந்தார். பையன் ஜட்டியை இழுத்துக்கொண்டு வந்து, “ம்மா, ஆய்” என்றான். அக்கா பூவைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். போய்ச் சேருவதற்குள் பாதி வந்துவிட்டது.

“பாதி வந்தால் என்ன? சொன்னானே!” என்றார் மாமியார்.

எழுதிப் பாருங்கள்: உங்கள் வீட்டுக் குழந்தை ஆய் வரும்போது என்ன செய்கிறது?