கடற்கரை ஊரில் மர ஆர்க்கிட் வளர்க்க...

ஏற்காடு, கொடைக்கானல் போய் வருபவர்கள் பாசி ஒட்டிய கிளையோடு சின்ன ஆர்க்கிட் செடியை ஆசையாக வாங்கி வருகிறார்கள். மணப்பட்டு மாதிரி கடலோர ஊரில் அது பெரும்பாலும் ஒரு கோடையைத் தாண்டாது. நம் வெயிலுக்கு ஏற்ற ஆர்க்கிட் வேறு இருக்கிறது.

1. சமவெளி மரங்களிலேயே இயல்பாக வளர்வது வாண்டா டெசலேட்டா. பழுப்புக் கட்டம் போட்ட இதழ், ஊதா உதடு, நல்ல மணம். நர்சரியில் வளர்த்த செடியாகக் கேட்டு வாங்குங்கள்.

2. இது புல்லுருவி இல்லை. மரத்தின் சாற்றை உறிஞ்சாது. கிளையைப் பிடித்துக்கொண்டு மழை, பனி, காற்றின் ஈரத்தில் வாழும். ஆகவே மாமரத்தில் தாராளமாகக் கட்டலாம். பட்டை உரியும் கொய்யா வேண்டாம்.

3. கட்டுவதற்குப் பழைய பருத்திப் புடவைக் கிழிசல் போதும். வேர் பட்டையைப் பற்றிய பிறகு துணி தானே மக்கிவிடும். கம்பி போட்டால் வேரை அறுக்கும்.

4. மரம் இல்லாதவர்கள் பக்கமெல்லாம் ஓட்டை உள்ள மண்தொட்டியில் அடுப்புக்கரி, ஓட்டாஞ்சில்லு போடுங்கள். மண் கூடவே கூடாது. வேருக்குக் காற்று வேண்டும். தேங்காய் மட்டை சேர்ப்பதானால் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பும் கறையும் போக அலசுங்கள்.

5. எவ்வளவு தண்ணீர் என்பதை வேரே சொல்லிவிடும். காய்ந்த வேர் வெள்ளி நிறம். அதன் மேலுறை பஞ்சுபோல நீரை இழுத்ததும் பச்சையாகும்; அதோடு நிறுத்துங்கள். காலையில் ஊற்றுவது நல்லது. கத்திரி வெயிலில் மாலையிலும் தெளிக்கலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலையிலும் வேரிலும் வெள்ளையாகப் படியும், வேர் நுனி கருகும். கூரை மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

6. ஐப்பசி, கார்த்திகை மழையில் இலைக்கக்கத்தில் நீர் தேங்கினால் குருத்து அழுகும். தொட்டியைச் சற்றுச் சாய்த்துத் தொங்கவிடுங்கள்.

7. உச்சி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை. 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒருமுறை.

8. மாவுப்பூச்சி வந்தால் லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

9. 2011-இல் தானே புயல் சாய்த்ததுபோல மரங்கள் விழுந்தால், விறகாக வெட்டும் முன் கிளைகளைப் பாருங்கள். ஆர்க்கிட் ஒட்டியிருந்தால் பட்டைத் துண்டோடு பெயர்த்து வேறு மரத்தில் கட்டுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

10. தூசிபோன்ற ஆர்க்கிட் விதைக்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. இயற்கையில் ஏற்ற பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். காட்டில் ஒரு செடி பூக்கும் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே காட்டிலிருந்து பெயர்த்த செடியை மலைப்பாதையில் யார் விற்றாலும் வாங்காதீர்கள்.