வன்தட்டில் மறைந்த பிரிவை மீட்டல்

நூலொன்றின் பொருளடக்கத் தாள் கிழிந்துபோயிற்று என்பதற்காக அந்நூலையே அடுப்பிலிடுவார் எவருமிலர். ஆயினும், கணினியின் வன்தட்டில் ஒரு பிரிவு காணாமற் போனவிடத்து நம்மவரிற் பலர் செய்வது ஏறக்குறைய இதுவே. யானும் அதற்கு விலக்கல்லேன்.

2018ஆம் ஆண்டு, மூன்றாந் தவணை விடுமுறையில், விண்டோசைப் புதிதாக நிறுவும்போது கைதவறிப் பிரிவொன்றை அழித்தேன். உயர்தர வகுப்புக்கென ஒன்பது ஆண்டுகளாகத் தட்டெழுதிய இலக்கணக் குறிப்புக்களும், காலஞ்சென்ற என் தந்தையார் புராணபடனஞ் செய்த பதினொரு ஒலிப்பதிவுகளும் அதனுள் இருந்தன. அஃதுணராது, வெற்றிடமாய்க் காட்டிய அவ்விடத்திற் புதுப்பிரிவு அமைத்து, விரைவு வடிவமைப்பும் செய்து, அச்சுப்பொறிக்குரிய மென்பொருளையும் அங்கேயே நிறுவினேன். மறுநாள் குறிப்புக்களைத் தேடியபோதே நெஞ்சு திடுக்கிட்டது. பழைய மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “சேர், இனி ஒன்றையும் தொடவேண்டாம், முதலிற் கணினியை நிறுத்துங்கள்” என்றார் அவர்.

அவர் அவ்வாறு கூறியதன் காரணத்தை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும். 1983ஆம் ஆண்டு ஐ.பி.எம். கணினிகளுக்கான டொஸ் 2.0 உடன் வந்த முறையில், வன்தட்டின் முதற் கூறு 512 பைற்று அளவினது. அதனுள் 64 பைற்றே பிரிவு அட்டவணை. நான்கு பிரிவுகளுக்கும் தனித்தனி 16 பைற்று. பிரிவு எவ்விடத்தில் தொடங்குகின்றது, எவ்வளவு நீளமுடையது, எவ்வகையினது என்பனவே அங்கு எழுதப்பட்டிருக்கும். பிரிவை அழிக்கும்போது அழிவது பெரும்பாலும் இக்குறிப்பே. கோப்புக்கள் தத்தம் இடத்திற் கிடக்கும், அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படும் வரை. ஜீ.பி.ரி. என்னும் பிந்திய முறையில் அட்டவணையின் படியொன்று தட்டின் இறுதியிலும் உண்டு. எனினும் நாமே பிரிவை அழித்தால் அப்படியும் உடன் திருத்தப்படுமாதலின், அதனை நம்பியிருத்தல் தகாது.

ஆகவே முதற்பணி, முழுத்தட்டையும் கூறு கூறாக வேறொரு தட்டிற் படியெடுத்தல். தேடுதல் யாவும் படியிலேயே நிகழவேண்டும். தட்டு ‘டக், டக்’ என ஒலிக்குமாயின் படியெடுக்கவும் முயலாது வல்லுநரிடம் கொடுப்பதே நன்று. பின்னர் ரெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச மென்பொருள், பிரிவுகளின் தொடக்க அடையாளங்களைத் தட்டெங்கும் தேடி அட்டவணையை மீள எழுதித் தரும். எழுதுமுன் கோப்புக்களின் பெயர்களைக் காட்டும். அவற்றைப் பாராது ஒப்புதல் கொடுத்தல் ஆகாது. அழித்த அன்றே யான் கைநிறுத்தியிருப்பின் இதுவே போதியிருக்கும்.

என் நிலைமைக்கு அதன் துணைவனான போட்டோரெக் வேண்டியதாயிற்று. இஃது அட்டவணையை நோக்காது, ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உரிய தொடக்க எழுத்துக்களைக் கொண்டே இனங்காணும். விரைவு வடிவமைப்புச் செய்திருந்தமையாற் பிழைத்தேன். விஸ்ரா முதலாக வந்த விண்டோசில் முழு வடிவமைப்பு எங்கணும் சுழியத்தை எழுதிவிடும். எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுக்களிலோ ட்ரிம் என்னும் ஏற்பாடு அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடுதலால், மீட்பு பெரும்பாலும் கைகூடாது. அவற்றை உடையோர் வேறோரிடத்திற் படியொன்று வைத்திருத்தல் இன்றியமையாதது.

குறிப்புக்கள் பெரும்பாலும் மீண்டன. ஆயின் பெயரிழந்து, வெறும் எண்களாய் வந்தன. புணரியல் எது, வினையியல் எது எனத் திறந்து பார்த்தே பெயரிட வேண்டியிருந்தது. ஒலிப்பதிவுகளை இரவு தோறும் ஒவ்வொன்றாகக் கேட்டு, தந்தையாரின் குரலைக் கொண்டு தெரிந்தெடுத்தேன். எட்டுக் கிடைத்தன. ஏனைய மூன்றும் இருந்த இடத்தில் அச்சுப்பொறியின் மென்பொருள் இருந்தது.